அழுத்தாத பட்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

காது கேட்காமல் நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால்தான் கடிதம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

வேலையில் ஒரு வேடிக்கை நடந்தது. தனியாக இருக்கும் வயதானவர்கள் உதவிக்கு அழுத்தும் பட்டன் செய்கிறோம் அல்லவா, அதன் பயனை எதை வைத்து அளக்கலாம் என்று கேட்டார்கள். "எத்தனை நாள் அழுத்தாம இருக்காங்களோ அவ்வளவு நிம்மதியா இருக்காங்கன்னு அர்த்தம்" என்றேன். கைதட்டினார்கள். அறுபத்தொரு நாள் அழுத்தாத ஓர் அம்மாள் முதலிடம் பிடித்தார். அவருக்குப் பூங்கொத்து அனுப்பினோம். கொண்டுபோனவர் கதவை உடைக்க ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் இறந்து ஐம்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடவா என்று மேலாளரிடம் கேட்டேன். "எடுத்தா சராசரி விழுந்துடும்பா. அவங்க பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். நானும் எடுக்கவில்லை. திரும்பி வந்த பூங்கொத்து வீணாகக் கூடாதென்று என் மேசையில் வைத்திருக்கிறார்கள்.

நான் அனுப்பிய பட்டனைப் பற்றி, "யாருக்கும் தொந்தரவு வேணாம்னு அதைத் தொடவே இல்லடா" என்று போன மாதம் பெருமையாக எழுதியிருந்தீர்கள். இனி ஒன்றும் இல்லாவிட்டாலும் தினமும் காலையில் ஒருமுறை அழுத்துங்கள். என் கணக்கு கெட்டால் கெட்டுப்போகட்டும். என் பழைய போர்வை இருந்தால் அனுப்பிவையுங்கள்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். புதிய பட்டியல் வந்திருக்கிறது. முதலிடத்தில் இப்போதும் அந்த அம்மாள்தான். இரண்டாவதாக நீங்கள் இருக்கிறீர்கள்.

அவசரத்தில்,
உங்கள் மகன்