வெறுங்கையோடு வருவதா, பழத்தோடு வருவதா?

பாசமுள்ள திண்டிவனத்து அக்காவுக்கு,

நேற்று என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வெள்ளணு, சிவப்பணு, தட்டணு எல்லாம் இருக்க வேண்டிய அளவுக்கு ஏறிவிட்டன. "இனிமே நாலு இடத்துக்குப் போலாம்மா" என்றார் டாக்டர். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சிரிப்பதா அழுவதா தெரியாமல் ஒரு டீ குடித்தேன்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை, அக்கா. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து ஒரே கீமோ மருந்தைத்தானே ஏற்றிக்கொண்டோம்? மாதுளம்பழம் உரித்தால்கூட என் வாயில் பாதி போடுவீர்கள். டாக்டர் சொன்னதை நீங்கள் இம்மி பிசகாமல் செய்தீர்கள், நான் முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். அணு குறைந்து காய்ச்சல் கண்டது உங்களுக்கு. ஏறியது எனக்கு. இது என்ன நியாயம்?

உங்கள் சாவுக்கு நான் வரவில்லை. அப்போது என் வெள்ளணு அதலபாதாளத்தில் கிடந்தது, வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. வீட்டுக்காரர்தான் வந்தார். திரும்பியவர் குழாயடியில் தலைமுழுகிவிட்டும் உள்ளே வரவில்லை. "கிட்ட வராத. கூட்டத்துல நின்னுக்கினு இருந்தேன்" என்று வெளியிலேயே படுத்துக்கொண்டார். தீட்டுக்காகவா கிருமிக்காகவா என்று நான் கேட்கவில்லை.

கருமாதியும் முடிந்துவிட்டது. இப்போது நான் எப்படி வருவது? "கவுண்ட் ஏறட்டும்டீ, எங்க வூட்ல குந்திக்கினு மீன் கொழம்பு சாப்பிடலாம்" என்று கூப்பிட்டது நீங்கள். விருந்து என்றால் பழம் வாங்க வேண்டும். துக்கம் கேட்க என்றால் வெறுங்கையோடு வந்து, சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். அதைவிடப் பெரிய பயம் உங்கள் அம்மா. என்னைப் பார்த்ததும், 'இவ இருக்கா, எம் பொண்ணு இல்லியே' என்று அவருக்குத் தோன்றாதா?

குழம்பிப்போய் அவருக்கே போன் செய்தேன்.

"உனக்கு அணு ஏறிடுச்சாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஏறிடுச்சும்மா."

எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஞாயித்துக்கெழம வா. மீனு வாங்கி வெக்கிறேன்" என்றார். அந்தக் குரலில் இருந்தது ஆசையா, ஆற்றாமையா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அக்கா. மாதுளம்பழத்தோடு வருகிறேன். அம்மா போடுவதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன். துக்க வீட்டில் சொல்லக் கூடாது என்று தெரியும். தெரிந்தும், கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்து, "போயிட்டு வர்றேம்மா" என்று சொல்லுவேன்.

உங்கள் பக்கத்துக் கட்டில் தங்கச்சி,
மல்லிகா