அடுப்புக்கு மேலே ஒட்டிய சி.டி.கள்

இன்று காலை நம் பையன் கத்தியை அடுப்பில் காய்ச்சி, சமையலறைச் சுவரில் நீங்கள் ஒட்டிய சி.டி.களைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் ஆணியைச் சூடாக்கி ஓட்டை போடும்போது வருமே, அதே பிளாஸ்டிக் வாடை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வாரம் நிலக்கரிக் கம்பெனி குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே நீங்கள் போய்விட்டதால் கொஞ்ச காலம் விட்டுவைத்திருந்தார்கள். இனிமேல் குறிஞ்சிப்பாடியில் பையனின் வாடகை வீடுதான்.

பஜாரில் கேசட் கடைக்காரர் கடையை மூடியபோது, ஒரு சாக்கு நிறையப் பழைய சி.டி.களை உங்கள் தலையில் கட்டினார். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் உங்களுக்குப் பகலில் தூக்கம் பிடிக்காது. வெந்நீரில் ஊறவைத்துக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சுவர்க் கடிகாரம், பல்புக்கு மூடி, வாசலுக்குத் தோரணம். குடியிருக்கிற வீடா, கல்யாண மண்டபமா என்று கேட்பேன். ஒன்று விரிசல் விட்டால், "போனா போவுது, ஓசில வந்ததுதான" என்று அடுத்ததை எடுப்பீர்கள். நிலக்கரித் தூசியைக் கூட்டுவது போதாதென்று இந்த மினுக்குத் தூள் வேறு. எரிச்சலாகத்தான் வரும்.

சின்ன வயதுக் காய்ச்சலில் எனக்குக் காது போனது. முகம் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வேன். முதுகுப்பக்கம் இடியே விழுந்தாலும் தெரியாது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து நீங்கள் பின்னால் நின்று தோளைத் தொட்டதும், நான் திடுக்கிட்டுத் திரும்பியதில் குழம்புச் சட்டி காலில் கவிழ்ந்தது. தோல் உரிந்து, செருப்புப் போட முடியாமல் கிடந்தேன். அடுப்புக்கு மேலே, என் கண் உயரத்துக்கு, பளபளப்பு வெளியே தெரியும்படி வரிசையாக சி.டி.களை ஒட்டினீர்கள். பின்னால் வாசல் வழியாக வருகிற ஆள் அதில் தெரிந்தார்.

"இனிமே யாரு வராங்கன்னு பாத்துக்கினே சமை" என்றீர்கள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வாசற்படியிலேயே நின்று டிபன் பையைத் தூக்கிக் காட்டுவீர்கள். ஒவ்வொரு சி.டி.யிலும் நீங்கள் நிற்பீர்கள், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையோடு. நான் சிரித்த பிறகுதான் உள்ளே வருவீர்கள்.

இன்று கடைசி சி.டி. சுவர்க் காரையோடு பெயர்ந்து வந்தது. பையன் சிமெண்ட் வாங்கக் கடைக்குப் போனான். நான் அவனுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை பட்டதும் தூக்கிவாரிப் போட்டது. பையன்தான். என் முகத்தைப் பார்த்து, "வாசல்லேந்து கூப்டுகினேதாம்மா வரேன்" என்றான்.

பாசக்காரப் பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். மருமகளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், பக்கத்து வீட்டு அம்மாவும் கூப்பிடுகிறார். கூப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்குக் காது கேட்காது என்பது எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு முறையும் பதறி, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதுங்க. கரண்டியைப் பிடித்தால் என் கண் இன்னமும் தானாக மேலே போகிறது. நாளைக்கு டைல்ஸ் ஒட்டிய புது அடுப்படியிலும் போகும்.

இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட, மறந்தும்கூட, என் முதுகுக்குப் பின்னாலிருந்து நீங்கள் என்னைக் கூப்பிட்டதில்லை.