பதினான்காம் மாடியிலிருந்து இறங்கிய பச்சைப் பட்டுச் சட்டை

பெப்ரவரி 3, 2024, சனி

பகல் மேற்சட்டை முடிந்தது. கழுத்து மூடி, கை நீளம், முன்னால் இருபத்திரண்டு பொத்தான். நான் சனிக்கிழமைகளில் வழிகாட்டியாக நிற்கும் பழைய மாளிகையில் ஏப்ரலில் விக்ரோறியா காலத்து விழா. பகலில் விருந்தினருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டவேண்டும், மாலையில் நடனம். பாவாடை ஒன்று, மேற்சட்டை இரண்டு. அந்தக் காலத்துப் பெண்கள் கெட்டிக்காரிகள்.

தோள் திறந்த மாலைச் சட்டையின் படத்தைப் பார்த்து, மிச்சத் துணி எங்கே என்று என் மனுசன் மரியரட்ணம் கேட்டார்.

பெப்ரவரி 8, வியாழன்

அளவு பார்க்க ஆளில்லை. அவரை அளந்தேன். நெஞ்சுக்குள் இரண்டு துவாய் வைத்தால் அவரும் நானும் ஒரே அளவு! இருபத்தாறு வருடமாகத் தெரியவில்லை.

பிறம்ரனில் வேலை போன ஒக்டோபரிலிருந்து மனுசன் வாசல் தாண்டவில்லை. கோயிலுக்கும் இல்லை. சனம் கேட்குமாம். பகல் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றார். இடது தோள் தையல் கோணல் என்றார். உண்மைதான்.

பெப்ரவரி 10, சனி

இன்றைக்கு அளவு பார்க்கவில்லையா என்று அவராகவே கேட்டார்.

பெப்ரவரி 15, வியாழன்

மத்தியானம் மாலைச் சட்டை, பாவாடை, பின்பக்கம் புடைத்து நிற்கிற கம்பிக்கூடு எல்லாம் அவருக்கு மாட்டி, முதுகுக் கொழுக்கிகளைப் பூட்டி முடிக்க, கட்டடத்தில் நெருப்பு மணி. ஒரு கொழுக்கி நூலில் சிக்கிவிட்டது. கழற்ற முடியவில்லை. இழுத்தால் பட்டு கிழியும் — நான் ஏன் பட்டைப் பற்றி யோசித்தேன்?

பதினான்கு மாடி. கம்பிக்கூடு படிக்கட்டுக் கதவில் இறுகியது. பின்னால் சனம் வரிசையாக நிற்க, அவர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினார்.

வெளியே குளிர், தோள் இரண்டும் வெறும். கார் நிறுத்துமிடத்தில் முழுக் கட்டடமும் நின்றது. செபக்குழுக் கிளடிஸ் அக்கா கிட்ட வந்து மேலும் கீழும் பார்த்தா.

"வேலை போனதெண்டு ஒக்டோபரிலையே எங்களுக்குத் தெரியும் தம்பி. உது புது வேலையோ?"

அக்கா தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தினா. ஆரோ பாண் கருக்கினதுக்கு அடிச்ச மணியாம்.

பெப்ரவரி 16, வெள்ளி

கிளடிஸ் அக்காவின் கோட்டை மடித்து வைத்தார். சாப்பிட்டார்.

பெப்ரவரி 18, ஞாயிறு

காலையில் சேட் போட்டுச் சப்பாத்தோடு நின்றார். பூசைக்கு வாறாராம்.

"எல்லாருக்கும் தெரியுமெண்டா நான் ஏன் நாலு மாசம் உள்ளுக்கை இருந்தனான்?" என்றார்.

கோயிலில் யாரும் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டு பெண்கள் பட்டு எங்கே வாங்கியது என்று கேட்டார்கள்.

மார்ச் 21, வியாழன்

அவருக்கு ரெக்ஸ்டேலில் வேலை, முதல் நாள். சாப்பாட்டு நேரத்தில் போன் எடுத்தார். எங்கள் கட்டடத்து ஒன்பதாம் மாடிக்காரன் ஒருவன் அங்கே வேலையாம். பார்த்ததும் அடையாளம் கண்டுவிட்டானாம்.

வெட்கமாக இருந்ததா என்று கேட்டேன்.

"இல்லை. என்ரை மனுசி தைச்சதெண்டு சொன்னன்."