வறுத்த அரிசி போட்ட பிஸ்கட் டின்

டின்னைத் திறந்ததும் வறுத்த அரிசி வாசனை. மழைக்காலத்து ஈரத்தில் ஃபிளாப்பிகளில் பூசணம் பிடிக்காமலிருக்க நீ செய்த கைவைத்தியம். உன் பதினாறாம் நாள் காரியம் கழிந்த அன்று, "இது அண்ணனுக்குள்ளதாக்கும், கொண்டு போங்க" என்று உன் மனைவி தந்தாள். பாறசாலையில் என் வீடு வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.

நாம் பழைய கூட்டுகாரர்கள்தான் என்றாலும், நெய்யாற்றின்கரையில் உன் டி.டி.பி. சென்டருக்கு நான் முதலில் வந்தது, அம்மை போன பிறகு அவள் பேச்சைக் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான். படுக்கையில் கிடந்த கடைசி வருஷம் அவள் சொன்னதையெல்லாம் நோட்டில் குறித்திருந்தேன். பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். கேரளத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த எழுத்து அதுதானே. தமிழில் அடிக்கப் பழகியது பிறகு, உன் பக்கத்து நாற்காலியில். அதனால் பிறகு எழுதிய என் மற்ற குறிப்புகளெல்லாம் தமிழ் எழுத்தில், அம்மையின் பேச்சு மட்டும் மலையாள எழுத்தில்.

பிறகு நீ புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாய். குறிப்பு வைக்கவென்றே அதில் ஒரு புரோகிராம் உண்டு, தேடினால் நொடியில் எடுத்துத் தரும் என்றாய். ஃபிளாப்பிகளில் இருந்த எல்லாவற்றையும் நீயே அதற்கு மாற்றினாய். "ஒண்ணும் போவல்ல மக்கா, எல்லாம் உண்டு" என்று இரண்டு தமிழ்க் குறிப்புகளைத் திரையில் காட்டினாய். அம்மையைத் திறந்து பார்க்க எனக்கு அப்போது மனசு வரவில்லை. உன் வாக்கை நம்பி நோட்டுகளைப் பழைய பேப்பர் எடுக்கும் ஆக்ரிக்காரனிடம் தூக்கிப் போட்டேன்.

இன்று டின்னில் ஒரு ஃபிளாப்பி. மேலே உன் கையெழுத்து: "அம்மை பேச்சு. மலையாளம். அவன்கிட்ட சொல்லணும்."

உன் சென்டருக்கே திரும்ப வந்து அந்தப் புரோகிராமைத் திறந்து தேடினேன். அம்மை அதில் இல்லை. தமிழ் எழுத்துருவில் மலையாளம் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். குப்பை என்று அழித்திருக்கிறாய். பிறகு விஷயம் தெரிந்து, மிச்சமிருந்த பழைய பிரதியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாய்.

எலே, தப்பு யாருக்கும் வரும். நாலு வார்த்தை திட்டியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாம் எத்தனை சாயா குடித்தோம்! ஒரு சாயா ஆறுவதற்குள் சொல்லி முடித்திருக்கலாமே. அன்றைக்குச் சொல்லியிருந்தால் இந்த ஃபிளாப்பியைப் போட்டு எழுத்துருவை மாற்றியதும் அம்மை திரும்ப வந்திருப்பாள். இன்று ஃபிளாப்பியைப் போட்டால் கரகரவென்று அரைக்கிறது, ஒன்றும் வரவில்லை. உன் அரிசியையும் மீறிப் பூசணம் ஏறிவிட்டது. என்னைச் சதித்துப் போட்டாயே. எனக்குச் சண்டை பிடிக்கக்கூட ஆளில்லாதபடி போய்ச் சேர்ந்தாயே.

நோட்டு இல்லாமல் நினைவிலிருந்து அம்மையை எழுத உட்கார்ந்தேன். மணிக்கணக்காக யோசித்தும் அவள் சொன்ன வாக்கு அப்படியே முழுசாக வந்தது ஒன்றே ஒன்றுதான். நீ அவளைப் பார்க்க வந்துபோன நாளிலெல்லாம் சொல்வாள். அதைத் தமிழில் அடித்து வைத்திருக்கிறேன்:

"அவன் வந்தா கஞ்சி குடிக்காம விடாதே மக்கா, கேட்டியா."