சுண்டுவிரலுக்கு இடம் இல்லாத கேமரா

அன்பு மவன் யாசருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மேல்பட்டாம்பாக்கத்துலேர்ந்து உன் அத்தா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஜெயராணி டீச்சர் எழுதுறாங்க. இங்க எனக்கும் உன் தங்கச்சி சாய்ராவுக்கும் உடம்பு ஏதோ ஓடுது, அல்லா உன்னை அங்க அலுப்பில்லாம வெச்சிருக்கணும். போன் இருக்க எதுக்குக் கடுதாசின்னு நினைப்பே. போன் சாய்ரா கையிலதான் இருக்கு, வீடும் ஒரே ரூம்பு, நான் பேசினா அவ காதுல விழும். அதான் வெள்ளிக்கிழமை ஷார்ஜா கிளம்புற சைதுன் பீவி மவன் கையில குடுத்தனுப்புறேன்.

நீ அவளுக்கு வாங்கி வெச்சிருக்கிற கேமரா சேதிதான். சின்னது பெரிசு ரெண்டுமே ஃபுல் பிரேம், ரெண்டுமே மிரர்லெஸ், படத்துல வித்தியாசம் கிடையாது, லென்ஸ் மாட்டுற அந்த பாடி சின்னதா இருந்தா ஒடைஞ்ச கைக்கு லேசா இருக்கும்னு சொன்னே. போன வருசம் மார்ச் ஒன்பதாந்தேதி கல்யாணப் படம் எடுக்கப் போன மண்டபத்துப் படியில சறுக்கினப்ப கேமராவைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வலது மணிக்கட்டைக் கல்லுக்குக் குடுத்தவளாச்சேன்னு நானும் சரின்னேன். தப்புல எனக்கும் பங்கு உண்டு. போன மாசம் சிதம்பரத்துல ஒரு நிக்காஹுக்கு, கை பழகட்டும்னு கடலூர்ல கண்ணாயிரம் கடையில அதே சின்ன கேமராவை வாடகைக்கு எடுத்தா. பை தூக்க நானும் போனேன். மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர், என்னம்மா கேமரா வரலியா, குட்டிதான் வந்திருக்கான்னு கேட்டார். தாய் பின்னாடி பஸ்ல வருது மாமான்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சா. நான்தான் அவ கையைப் பாத்துக்கிட்டு நின்னேன். பெரிய பாடியில நாலு விரலும் சுத்திப் புடிக்க இடம் இருக்கு, இதுல சுண்டுவிரல் அந்தரத்துல தொங்குது. பாடி சின்னதானா லென்ஸும் சின்னதாவுமா, அதே பழைய கனத்த லென்ஸுதானே, அது முன்பக்கமா இழுக்க இழுக்க பாரம் பூரா ஒடைஞ்ச இடத்துக்கே போவுது. இருபத்திரண்டு வருசம் கல்யாண வீட்டுல வீடியோ லைட்டு புடிச்சவன்பா நான், எழுத்து தெரியாது, எது கையைத் திங்கும்னு தெரியும். பஸ்ல வரும்போது சன்னல் பக்கம் திரும்பி மணிக்கட்டைத் தேய்ச்சுக்கிட்டே வந்தா. வலிக்குதாம்மான்னேன். இல்லத்தா பழகிடும், அண்ணன் ஆசையா வாங்கினது, நீங்க எதையாச்சும் உளறி வெக்காதீங்கன்னா. மறுநாள் டீ கிளாஸை இடது கையால எடுத்தா.

பெட்டியைப் பிரிக்கலைன்னு சொன்னியே, கடையில குடுத்துட்டுப் பெரிய பாடியை வாங்கு. அதுல கார்டு ரெண்டு போடலாமாம், ஒண்ணு கெட்டாலும் படம் போவாதுன்னு அவளே ஒரு நாள் வாய் தவறிச் சொன்னா. அடுத்த மாசம் அஞ்சு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கா. இந்தக் கை இன்னொரு தடவை போச்சுன்னா கேமராவே தொடக்கூடாதுன்னுடுவார் டாக்டர். யோசிச்சு யோசிச்சு எனக்கு ஓஞ்சுபோச்சுப்பா. உன்னைக் குத்தம் சொல்லலை, நீ அவ கையைப் பாத்து மூணு வருசம் ஆச்சு, எடை கம்மின்னு கடைக்காரன் தராசுல வெச்சுக் காட்டினதைத்தான் நீ நம்ப முடியும்.

வெயில்ல நிக்கறப்ப தண்ணி ஜாஸ்தியா குடி. அல்லா உன் உழைப்புல பரக்கத்தைப் போடட்டும், நல்லபடியா ஊர் கொண்டாந்து சேக்கட்டும். ஒண்ணு மட்டும் மறக்காதே. ஏன் மாத்தினேன்னு அவ கேப்பா. அதுல ஏதோ பழுது, கடையில பெரிசுதான் இருந்துச்சுன்னு சொல்லிடு. பொய்தான், பாவம் என்னோட போவட்டும். நான் சொன்னேன்னு மட்டும் தெரிஞ்சா, வலிக்கிறதை இனிமே எனக்கும் காட்டாம மறைச்சுக்குவா.

இப்படிக்கு,
பெருவிரல் வெச்ச உன் அத்தா
நூர்முகம்மது