பிரிக்காத பழுப்பு டப்பாக்கள்

வே,

இன்று காலை டெல்லி துவாரகா வீட்டின் பால்கனிக் கதவைத் திறந்தேன். தீபாவளிக்கு மறுநாள் புகை. வெடிமருந்தும் பனியும் கலந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்த வாசனை. கூடவே நீரும் வந்துவிட்டீர். போய் இத்தனை வருஷமாகியும் நேரம் தவறுவதில்லை. ஆபீசுக்கு ஒருநாளாவது இப்படி வந்திருப்பீரா?

தொண்ணூறுகளில் நமக்கு லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு, ஆபீஸில் அடுத்தடுத்த மேஜை. இரண்டு திருநெல்வேலிக்காரர்கள் சேர்ந்தால் வம்புக்கா பஞ்சம்? உமது ஆஸ்துமாவும் எனக்கு வம்புதான். உமது நெஞ்சு விசிலடிப்பதை நான் நடித்துக் காட்டுவேன். முதலில் சிரிப்பவர் நீர்.

ஒருநாள் டிஸ்பென்சரியிலிருந்து இரண்டு இன்ஹேலருடன் வந்தீர். மூச்சு முட்டினால் நீலம். முட்டாவிட்டாலும் காலையும் மாலையும் பழுப்பு என்றாராம் டாக்டர். இரண்டையும் மேஜைமேல் வைத்தீர். என் நாக்கு சும்மா இருக்குமா?

“ஒண்ணுன்னா பேஷன் வே. ரெண்டு வந்துட்டுன்னா அடுத்தது ஆக்சிஜன் சிலிண்டரும் தள்ளுவண்டியும்தான்.”

பக்கத்து மேஜை பஞ்சாபிக்காரருக்கு அதை ஹிந்தியில் வேறு சொன்னேன். செக்‌ஷனே சிரித்தது. அன்று நீர் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தீர்.

மறுநாளிலிருந்து உமது சட்டைப்பையில் நீலம் மட்டும்தான். பழுப்பு எங்கே என்று கேட்டேன்.

“அதை இழுத்தா ஒண்ணுமே தெரியலையே வே. இதுன்னா இழுத்த உடனே கேக்கும்.”

வம்புக்காரன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. முதலில் ஒரு நீல டப்பா உமக்கு இரண்டு மாதம் வந்தது. பிறகு ஒரு மாதம். அந்த ஐப்பசியில் பத்தே நாள். எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, “டீயைவிட இதைத்தான் அதிகம் குடிக்காரு” என்று ஊரெல்லாம் சொன்னேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலை. பால் வாங்கித் திரும்பிய நீர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர். தீர்ந்துவிட்டதா என்று நீலத்தைக் காதருகே ஆட்டினீர், இழுத்தீர், மறுபடி ஆட்டினீர். விசில் சத்தம் நின்றிருந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன், மடையன். விசிலுக்குக்கூட உள்ளே காற்றில்லை என்று எனக்கு யார் சொல்வார்கள்? ஆட்டோவில் “ஜல்தி பையா, ஜல்தி” என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். நீர் என் கையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தீர். அதற்குமேல் வரவில்லை.

பதினாறாம் நாள் உம் வீட்டு மதினி ஒரு பிஸ்கட் டின்னை என் முன்னால் வைத்தாள். உள்ளே பழுப்பு டப்பாக்கள், வரிசையாக, அட்டை பிரிக்காமல்.

“ரெண்டைக் கொண்டுபோனா ஆபீஸ்ல சிரிக்காங்கன்னு சொன்னாவ. இதையெல்லாம் டிஸ்பென்சரில திருப்பி வாங்கிக்கிடுவாங்களா அண்ணாச்சி?”

யார் சிரித்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாழ்நாளில் நான் சொல்லாமல் விட்ட வம்பு அது ஒன்றுதான்.

இப்போது எனக்கும் விசில் வந்துவிட்டது. நீலம் சுருங்கிய குழாயைத் திறந்துவிடும், அவ்வளவே. உள்ளே இருக்கும் வீக்கத்தைப் பழுப்புதான் நாள்கணக்கில் மெல்ல மெல்ல வற்ற வைக்கும் என்று என் டாக்டர் படம் போட்டு விளக்கினார். நீலம் சீக்கிரம் தீர்ந்தால் அதுதான் அபாய அறிவிப்பாம். உமது பத்து நாள் கணக்கு அங்கேயே நினைவுக்கு வந்தது.

ஆபீஸில் என் மேஜைமேல் இரண்டையும் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறேன். பழுப்பை இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பது உத்தரவு. தினமும் அந்த நேரம் பார்த்து, சிலிண்டர், தள்ளுவண்டி என்று அந்தப் பழைய வரி நாக்கில் வந்து நிற்கிறது.

கொப்பளித்துத் துப்புகிறேன் வே. மறுநாளும் வருகிறது.