மாட்டுக்கு வைக்கிற பருத்திக்கொட்டை

கோட்டை மாரியம்மன் துணை

நாகல்நகர், திண்டுக்கல்
24-1-1984

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் பொம்மியம்மாள் அவர்களுக்கு, சொர்ணலட்சுமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் வீட்டுக்காரரும் அம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கு தாங்களும், மாப்பிள்ளை மதியழகனும், என் மகள் செல்வியும், மாடு கன்றுகளும் சுகமா?

தலைப்பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை உங்கள் கையால் கிண்டிய பால்கோவாவை ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்தார். அப்படியொரு கோவாவை இந்த டவுனில் எந்தக் கடையிலும் நான் தின்றதில்லை. அக்கம்பக்கத்துக்கு எல்லாம் இலையில் வைத்துக் கொடுத்து, சம்பந்தி வீட்டுப் பண்டம் என்று சொல்லிக்கொண்டேன். வாளியை விளக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மூடியில் உங்கள் வீட்டுப் பெயர் வெட்டியிருப்பதால் மாறிப்போகாது.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். பஸ் ஏறும்போது மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். நீங்கள் குடிக்கக் கொடுத்த பாலைச் செல்வி மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றியதை நீங்கள் பார்த்துவிட்டீர்களாம். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லையாம். "எங்கம்மா ஏதாச்சும் சொல்லணும்னா செவுத்தப் பாத்துத்தான் சொல்லுதுங்க அத்தை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

பாலைக் கொட்டியது தப்பு. செல்வியைக் கண்டித்துத் தனியாக எழுதியிருக்கிறேன். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே உங்களிடம் சொன்னேன். சிறுபிள்ளையிலிருந்தே இவளுக்குப் பால் ஆகாது, குடித்தால் வயிறு உப்பிப் புரட்டும், நெய்யும் மோரும் தாங்கும், பால் மட்டும் தாங்காது என்று. நீங்கள் சிரித்தீர்கள். "எங்கூட்டுப் பாலக் குடிச்சா எல்லாம் ஒத்துக்குமுங்க" என்றீர்கள். கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தபோது உங்கள் மனசு நோகக் கூடாதென்று டம்ளரைக் காலியாக்கிவிட்டு அவள் பட்ட பாடு மாப்பிள்ளைக்குத் தெரியும்.

இப்போது அவள் முழுகாமல் இருக்கிறாள். குங்குமப்பூ போட்ட பாலை அவளுக்குக் காய்ச்ச வேண்டாம். அதற்குப் பதில் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி, பால் பிழிந்து, வெல்லமும் சுக்கும் போட்டுக் கொடுங்கள். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு விற்கிற பருத்திப்பால்தான். அது இருந்தால் அவளுக்கு வேறு வேண்டாம்.

தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சொர்ணலட்சுமி

பழனியாண்டவர் துணை

கீரனூர்
3-2-1984

சம்பந்தி அம்மாவுக்குப் பொம்மியம்மாள் எழுதுவதுங்க. கடிதம் கிடைத்தது. எல்லோரும் சௌக்கியம். செல்வி காலையில் பழையது சாப்பிட்டாள். நான் கவனிக்காமல் இல்லை.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராதுங்க. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த அன்று என் மாமியார் தாலிக்கு அடுத்தபடி என் கையில் கொடுத்தது கறவைச் செம்பைத்தான். எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் தபால்காரர் ஆனாலும் ஒரு வாய் பால் குடிக்காமல் போனதில்லை. வீட்டுக்கு வந்த மருமகள், விடியக் கறந்து நுரை அடங்காமல் கொடுத்த பாலைத் தொட்டியில் ஊற்றுகிறாள். அதைச் செவலை மாடு உறிஞ்சுகிறது. கறந்த பாலைக் கறந்த மாடே குடித்தால் மடி வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பயம். அதேபோல மறுவாரமே செவலைக்குப் பால் பாதியாகிவிட்டது. செல்வி வேண்டுமென்று செய்தாள் என்று நான் சொல்லவில்லை. ஆனது இதுதான்.

மாடு போகட்டும். எனக்குச் சோறு இறங்காமல் இருப்பது வேறு காரணத்தால். பால் குடிக்காதவளுக்குப் பால் எப்படிங்க சுரக்கும்? நாளைக்கு என் பேரப்பிள்ளை எதைக் குடிக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

பருத்திக்கொட்டை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் மூட்டையாகவே இருக்கிறது, மாட்டுக்கு. அதை நான் மருமகளுக்கு ஆட்டிக் கொடுத்தால், "ஏனுங்க பொம்மியக்கா, மாட்டுக்கும் மருமவளுக்கும் ஒரே தொட்டியா?" என்று கேட்க இந்த ஊரில் ஆள் இருக்கிறது.

வாளி அங்கேயே இருக்கட்டும்.

பொம்மியம்மாள்

கோட்டை மாரியம்மன் துணை

திண்டுக்கல்
9-2-1984

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாளுக்குச் சொர்ணலட்சுமி வணக்கம்.

நீங்கள் நேராக எழுதியது நல்லதாகப் போயிற்று. நானும் நேராகவே எழுதுகிறேன்.

செவலை எதைக் குடித்துப் பால் கறக்கிறது? வைக்கோலையும் பருத்திக்கொட்டையையும் தின்றுதானே. அதே பருத்திக்கொட்டையைத்தான் நான் என் மகளுக்குக் காய்ச்சிக் கொடுத்து வளர்த்தேன். மாடு நடுவில் எதற்கு?

கோபிக்க வேண்டாம். நான் பாலுக்கு விரோதி இல்லை. செவ்வாய் தவறாமல் அம்மன் அபிஷேகத்துக்கு என் செம்புப் பால் போகிறது. கள்ளிச்சொட்டாகப் பால் விட்ட காப்பி இறங்கினால்தான் எனக்குக் கை வேலை ஓடும். என் மகளுக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள். கோயில் படிக்கட்டில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை வெட்டியிருக்கிறார்களே, அதைத் தினம் எழுத்துக் கூட்டித்தான் படிக்கக் கற்றேன். அதுபோலவே இதையும் யாரும் சொல்லித் தரவில்லை. பால்குடி மறந்த பிள்ளைக்குப் பசும்பால் ஆகவில்லை என்றதும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். பச்சை நிலக்கடலையை ஊறவைத்துப் பால் எடுத்தேன், வாடை போக ஏலக்காய் தட்டிப் போட்டேன். தேங்காய்ப்பாலை முதல் தடவை பசும்பால் மாதிரியே கொதிக்கவிட்டேன். பசும்பால் கொதித்தால் பொங்கும், தேங்காய்ப்பால் கொதித்தால் திரியும் என்பது அன்று தெரிந்தது. இரண்டாம் பால், மூன்றாம் பாலில் அரிசியை வேகவிட்டு, இறக்கிய பிறகுதான் முதல் பாலை விட வேண்டும். இப்படி வளர்ந்த பிள்ளை இரண்டு குடத்தை இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகத் தூக்கி வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சுரக்குமா என்று கேட்டீர்கள். அம்மன் மேல் பாரத்தைப் போட்டுச் சொல்கிறேன், சுரக்கும்.

சொர்ணலட்சுமி

பழனியாண்டவர் துணை

கீரனூர்
18-3-1984

சம்பந்தி அம்மாவுக்கு. மாட்டு டாக்டர் வந்திருந்தார். செவலை ஆறு மாதம் தாண்டிய சினையாம். சினை ஊசி போட்டது தங்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். பால் குறைந்தது அதனால்தானாம். தெரிவித்துக்கொள்கிறேன்.

செல்வி நன்றாக இருக்கிறாள். இப்போது முகம் பார்த்துத்தான் பேசுகிறேனுங்க. உங்கள் மகளும் வாய்க்குக் குறைவில்லை. "செவலைக்கும் எனக்கும் ஒரே மசக்கை அத்தை, அதுகிட்டயும் ஒரு வாரம் பேசாம இருந்து பாருங்க" என்கிறாள்.

வைகாசியில் வளைகாப்பு வைத்துக்கொள்ளலாம். ஜூன் 3 ஞாயிறு நல்ல நாள். வழக்கப்படி நீங்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து, எங்கள் சனத்துக்குப் பரிமாறி, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போங்கள். ஒன்று சொல்ல வேண்டும். கன்னிவாடியிலிருந்து என் அண்ணன் உடையப்பன் வருவார். அவர் வீட்டிலும் மாடுதான், எங்கள் சனம் முழுக்க மாடுதான். கட்டுச்சோற்றில் பால் பாயசமும் பால்கோவாவும் இல்லாவிட்டால் பெண் வீடு வறண்ட வீடு என்று ஒரு சொல் வந்துவிடும். உங்களுக்குக் குறை வரக் கூடாதென்று எழுதுகிறேன்.

பொம்மியம்மாள்

கோட்டை மாரியம்மன் துணை

திண்டுக்கல்
12-5-1984

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

செவலை சேதி கேட்டு மிகுந்த சந்தோஷம். அம்மனுக்கு அதன் பேரிலும் ஒரு சூடம் ஏற்றினேன்.

மூன்றாம் தேதி விடிகாலை வேனில் வந்துவிடுவோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு எல்லாம் வழக்கப்படி. தயிர் செல்விக்கு ஒரு கை தாங்கும். இனிப்பில் தேங்காய்ப்பால் பாயசம், தேங்காய்ப்பால் அல்வா, கடலைப்பால் விட்டுக் கிண்டிய கேசரி, ஒரு அண்டா பருத்திப்பால். பால் பாயசம் இல்லை, கோவா இல்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பால் வாங்க வக்கில்லை என்று உங்கள் அண்ணன் நினைத்தால் நினைக்கட்டும். அன்றைக்கு நீங்கள் முதல் வாயைச் செல்விக்குத்தான் ஊட்டுவீர்கள். ஊட்டுகிற கை உங்களுடையது. அந்தக் கையிலிருந்து அவள் பயப்படாமல் வாங்கித் தின்ன வேண்டும். தனக்காக வைத்த விருந்திலேயே, இது வேண்டாம், அது வேண்டாம் என்று என் பெண் இலையில் ஒதுக்கி வைக்கிற பண்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பந்தியில் இருக்கிற எல்லோரும் தின்கிறதை அவளும் தின்ன வேண்டும். பிறந்ததிலிருந்து எந்த விசேஷத்திலும் அவளுக்கு அது வாய்த்ததில்லை.

குறை என்று யாராவது சொன்னால் என் முன்னால் சொல்லட்டும். நான் பதில் பேச மாட்டேன். பாத்திரங்களையும் மகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுவேன். அதன் பிறகு உங்கள் வாசலில் நான் எப்படி வந்து நிற்பது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

சொர்ணலட்சுமி

பழனியாண்டவர் துணை

கீரனூர்
26-6-1984

அன்புள்ள மதினிக்குப் பொம்மி எழுதுவது. உங்கள் வீட்டு அண்ணனும் செல்வியும் சௌக்கியமா? நீங்கள் போன மறுநாளே எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவதென்று தெரியாமல் எழுந்துபோய்விடுவேன்.

உங்கள் வேன் கிளம்பிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன். என் அண்ணன் உடையப்பன் நீங்கள் விட்டுப்போன பாயச அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா பொம்மி, அந்தப் பாயசம் எந்த மாட்டுப் பாலும்மா? இம்புட்டு மணமா இருந்துச்சு" என்றார். தென்னை மாடு என்றேன். நானே காய்ச்சினதுபோலப் பெருமையாகத்தான் சொன்னேன், உங்களிடம் பொய் சொல்வானேன். கடலைக் கேசரியை மட்டும் எங்கள் சனம் அவ்வளவாகத் தொடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று நீங்கள் வேனிலிருந்து இறங்கும் முன்பே என் அடுப்படியில் ஒரு குண்டான் பால் பாயசம் மூடி இருந்ததுங்க. உங்கள் பண்டம் எடுபடாவிட்டால் இறக்கிப் பரிமாறி, நம் இரண்டு வீட்டு மானத்தையும் காப்பாற்றலாம் என்று வைத்திருந்தேன். செல்விக்கு முதல் வாய் ஊட்டினேன். அவள் கண்ணை மூடி முழுங்கிவிட்டு, இன்னொரு வாய் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் கையால் கொடுத்ததை அவள் கேட்டு வாங்கியது அன்றைக்குத்தான். அப்புறம் குண்டான் மூடியைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. வேன்காரர் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது உங்களுக்கு ஒரு டம்ளர் பாயசம் கொடுத்தேனே, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தீர்களே, அதுதான் அது.

செவலை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மதியிடம் சீம்பால் வேகவைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும்தான், செல்விக்கு இல்லை. அவளுக்குச் சின்னத் தூக்கில் தேங்காய்ப்பால் அல்வா. முதல் தடவை கொதிக்கவிட்டுத் திரிந்துபோய்விட்டது. இரண்டாவது தடவை உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கிண்டினேன். கூடவே பருத்திக்கொட்டை ஒரு மூட்டை. செவலைக்கு வாங்கினதில் முற்றின கொட்டையாகப் பொறுக்கிப் புடைத்தேன். ஊர் கேட்டால் கேட்கட்டும்.

அந்த ஒரு பயம் மட்டும் இன்னும் போகவில்லை மதினி. சுரக்குமில்லைங்களா?

பொம்மி

கோட்டை மாரியம்மன் துணை

திண்டுக்கல்
27-8-1984

அன்புள்ள மதினிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். செவலைக்கும் பெண், செல்விக்கும் பெண், உங்கள் வீட்டுக்கு இந்த வருஷம் இரட்டை லட்சுமி.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன், அம்மன் பொறுத்துக்கொள்வாள். பிள்ளை குடித்து, கடைவாயில் வழியவிட்டுத் தூங்குகிறது. தூங்கின பிறகும் செல்வியின் ரவிக்கை நனைந்துகொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் கிடந்த, சிலுவைமுத்து என்பவரின் மனைவிக்குப் பால் இறங்காமல் அந்தப் பிள்ளை கத்திக்கொண்டே கிடந்தது. செல்வி கையை நீட்டி, "இங்க குடுங்கக்கா" என்று வாங்கிக்கொண்டாள். இரண்டு பிள்ளையும் அவள் மடியில் குடித்ததை நான் நின்று பார்த்தேன். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றுதான் இருந்தது.

அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துப் பருத்திப்பால் காய்ச்சிக் கொண்டுபோனேன். குடித்துவிட்டு, "என்னம்மா குடுத்து இப்பிடி மகள வச்சிருக்கீக?" என்று கேட்டாள். என் கைப்பக்குவம் என்றுதான் நாக்கு வரை வந்தது. எங்கள் சம்பந்தி வீட்டுப் பருத்திக்கொட்டை, அவர்கள் மாட்டுக்கு வைக்கிறது என்றேன். வார்டு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பேர் வைக்க நீங்கள் வந்தாக வேண்டும். வரும்போது எனக்குக் காப்பிக்கு ஒரு செம்பு செவலைப் பால். உங்கள் தூக்குவாளி, சின்னத் தூக்கு, சீம்பால் வந்த கிண்ணம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். வெறுமனே திருப்பித் தர மாட்டேன்.

பேத்திக்குப் பால் ஒத்துக்கொள்ளுமா, அம்மாவைப் போல ஆகாதா என்று இப்போது சொல்ல முடியாது. ஒத்துக்கொண்டால் உங்கள் வீட்டுப் பாலைக் குடித்து வளரட்டும். ஆகாவிட்டாலும் வளரப்போவது உங்கள் வீட்டில்தான். செவலைக்குப் பருத்திக்கொட்டை ஊறவைக்கும்போது, இவளுக்கும் ஒரு கை தனியாக ஊறவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மதினி
சொர்ணலட்சுமி